பெட்டியில் இருக்கிற ஆறு சட்டை

சேசு மரி சூசை துணை

புதுக்கோட்டை,
14-11-1963, வியாழக்கிழமை.

அன்பு மகள் சூசைமேரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீ சுகமா, மாப்பிள்ளை சுகமா, உன் வயிற்றில் இருக்கிற பிள்ளை சுகமா? மூன்று பேரையும் தனித்தனியாக விசாரித்திருக்கிறேன், பதிலும் மூன்று பேருக்கும் தனித்தனியாக வர வேண்டும். போன கடிதத்தில் நான் சுகம், அவரும் சுகம் என்று எழுதி முடித்துவிட்டாய். மூன்றாவது ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏழாம் மாசம் நடக்கிறது, உதைக்கிறதா, புரள்கிறதா, ராத்தூக்கத்தைக் கெடுக்கிறதா என்று ஒரு தாய் ஒரு வரி எழுத மாட்டாளா என்று கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். தபால் தலை ஒட்டின இடம்வரைக்கும் பார்த்தேன்.

இங்கே ஐப்பசி மழை பத்து நாளாக விட்டு விட்டுப் பெய்கிறது. துணி எதுவும் காய்வதில்லை, வீட்டுக்குள்ளே குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, குனிந்து குனிந்து நடந்து இடுப்பு போயிற்று. உன் அப்பாவின் சைக்கிள் கடைக்கு முன்னால் கணுக்கால் அளவு தண்ணீர். பஞ்சர் பார்க்கத் தொட்டி எதற்கு, சக்கரத்தை ரோட்டிலேயே முக்கிப் பார்த்துவிடலாம் என்று வருகிறவர்களிடம் எல்லாம் தமாஷ் பண்ணிக்கொண்டிருக்கிறார். போன வருஷம் முறிந்த கால் மழைக்குக் கொஞ்சம் குடைகிறது என்கிறார், ஆனால் கடையைப் பூட்டிவிட்டு உட்காரச் சொன்னால் மட்டும் கேட்பதில்லை. ஆவூர் மாதா கோயிலில் உனக்காகப் பூசைக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி, இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இன்றைக்குச் சோறுகூட வடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன், உன் அப்பா வந்து சத்தம் போடட்டும்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நின்றுகொண்டே படித்தேன். அதில் நீ எழுதியிருக்கிறாய், அம்மா அன்றைக்கு நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, இந்தத் தடவை நான் ஒன்றுமே ரெடி பண்ணவில்லை, ஆஸ்பத்திரியில் பேர்கூடக் கொடுக்கவில்லை, வலி வந்தால் அப்போது போய்க்கொள்ளலாம் என்று இருக்கிறேன், பழைய துணிப் பெட்டியைத் தொடவே இல்லை, அதன் சாவி எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை, நீ கவலைப்படாதே என்று. நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து எழுதியிருக்கிறாய், அதுதான் என்னைத் தைத்துவிட்டது. மூன்றாம் மாசம் டாக்டரம்மா ரயில் பயணம் கூடாது, மாசம் தவறாமல் வந்து காட்டு என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அதனால்தான் உன்னை இங்கே அழைத்துக்கொள்ளாமல் இருக்கிறேன். அந்த ஒரு தடவைக்குப் பிறகு நீ அந்தப் பக்கமே போகவில்லை என்பது இப்போதுதானே எனக்குத் தெரிகிறது. மாப்பிள்ளை ஒர்க்‌ஷாப்புக்குக் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். கரக்பூரில் உனக்குப் பாஷையும் சரியாக வராது. வலி வந்தால் போய்க்கொள்ளலாமாம். இது என்ன சந்தைக்குப் போகிற பயணமா?

இந்த ரெடி என்கிற வார்த்தையைப் பற்றி உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இங்கிலீஷைப் பற்றி என்ன பேச்சு என்று சிரிக்காதே. இப்போது யார் வாயைத் திறந்தாலும் ரெடிதான், ஆனால் ஆளுக்கு ஓர் அர்த்தத்தில் சொல்கிறார்கள். உன் அப்பாவிடம் பஞ்சர் ஒட்டக் கொடுத்தவர் வந்து நின்றால் ரெடி என்பார், அப்போதுதான் டியூபைக் கழற்றியே இருப்பார். அவருடைய ரெடிக்கு, உங்களை நான் மறந்துவிடவில்லை என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி அடித்த பிறகு கேட்டாலும் ரெடி என்று குரல் வரும், எங்கே இருந்து என்று போய்ப் பார்த்தால் கிணற்றடியில் தலையில் சோப்பு நுரையோடு நிற்பார். தையல்காரர் ரெடி என்றால் துணியை வெட்டிவிட்டார், இனிமேல் திருப்பிக் கேட்க முடியாது என்று அர்த்தம். உன்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் நாங்க ரெடி என்றார்கள், அதற்குச் சம்மதம் என்று பொருள். உன் அப்பா உடனே நாங்களும் ரெடி என்றாரே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நம் வீட்டில் காப்பிப் பொடிகூட இல்லை. அப்புறம் ரெடிமேட் என்று ஒன்று வந்திருக்கிறது. உன் அப்பா கீழராஜ வீதியில் ஒரு ரெடிமேட் சட்டை வாங்கிவந்து போட்டுக் காட்டினார், கை இரண்டும் விரலைத் தாண்டித் தொங்கியது. அது யாருக்கோ ரெடியான சட்டை, இவருக்கு இல்லை. இலுப்பூர் பஸ் கண்டக்டர் வீரய்யாவை உனக்குத் தெரியும், நீ டிரெயினிங் ஸ்கூலுக்குப் போன காலத்தில் இருந்து அதே பஸ்ஸில்தான் இருக்கிறார். இலுப்பூர் விராலிமலை ரெடி ரெடி என்று அவர் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டு ஏறி உட்கார்ந்தால் டிரைவர் எதிரே டீக்கடையில் இருப்பார். அவருடைய ரெடியை நம்பி இந்த ஊரில் யாரும் வேகமாக நடப்பதுகூட இல்லை.

எனக்கு அந்த வார்த்தையைக் கற்றுக்கொடுத்தது பிரசவ வார்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஆயா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தெய்வானை நர்சம்மா ஆயா ரெடியா என்று கேட்டார். எல்லாரும் சொல்வதுபோல நானும் ரெடிங்கம்மா என்று சொல்லிவிட்டேன். பிள்ளை வெளியே வந்ததும் அவர் திரும்பிப் பார்க்காமல் துணிக்காகப் பின்னால் கையை நீட்டினார். என் கையில் துணி இல்லை. அலமாரிக்கு ஓடி எடுத்து வருவதற்குள் அந்தப் பிஞ்சின் உதடு நீலமாகிவிட்டது. தேய்த்து, சூடு காட்டி, அழவைத்துக் காப்பாற்றிவிட்டார். ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, நீங்க ரெடின்னு சொல்லிட்டா நான் திரும்பிப் பாக்க மாட்டேன், ஒங்க கையில துணி இருக்குன்னு நம்பித்தான் கையை நீட்டுவேன் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றையில் இருந்து வெந்நீர் அண்டாவின் மூடிமேல் இரண்டு துணி எப்போதும் கிடக்கும், கை பொறுக்கிற சூட்டில். யாருக்குப் பிரசவம் என்றாலும் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. பிள்ளை நிலைக்குமா, நிலைக்காதா என்று யாரிடமும் கேட்டுவிட்டு நாங்கள் துணியைச் சூடு பண்ணுவதில்லை மேரி. எந்தப் பிள்ளை வந்தாலும் துணி சூடாக இருக்கும். எனக்குத் தெரிந்த ரெடி அதுதான்.

இவ்வளவு தெரிந்தவள் உன்னிடம் வேறு மாதிரி பேசினேனே என்று நீ கேட்கலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும், வாசலில் பஸ் ஹார்ன் விடாமல் அடிக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வண்டி ஆஸ்பத்திரி கேட்டுக்குள் எதற்கு வருகிறது என்று ஓடிப் பார்த்தால் இலுப்பூர் பஸ். நம் வீரய்யா வெறும் பனியனோடு படியில் நின்றுகொண்டு ஆயா ஆயா என்று கத்துகிறார். உள்ளே காத்தாயி என்று ஒரு பெண், இலுப்பூருக்கு அங்கிட்டு ஏதோ கிராமம். ரோட்டிலேயே பிரசவம் ஆகிவிட்டது. பிள்ளை வீரய்யாவின் காக்கிச் சட்டையில் சுற்றிக் கிடக்கிறது. மழைச் சாரல் ஜன்னல் வழியாக அடிக்கிறது, பிள்ளை முனகக்கூட இல்லை. இலுப்பூரில் ஏறும்போதே அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு வழியில் ஒரு ஸ்டாப்பில்கூட நிறுத்தாமல் வந்திருக்கிறார்கள். இறங்க வேண்டியவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் மூட்டையோடு இறங்கினார்கள், ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. காத்தாயியின் மாமியார் முத்தாள் என்று ஒரு அம்மாள் கூட வந்திருந்தார். நிறைமாசப் பிள்ளைத்தாச்சியை அழைத்து வருகிறவர் கையில் ஒரு கந்தல்கூட இல்லை. வெற்றிலைப் பை மட்டும் இருந்தது.

நான் அண்டா மூடிமேல் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மழையில் பழைய துணி ஒன்றும் காயாததால் அன்றைக்கு ஸ்டோரில் இருந்து எடுத்த புதுத் துண்டு இரண்டைத்தான் போட்டு வைத்திருந்தேன். பிள்ளையை அதில் வாங்கப் போனேன், அந்த முத்தாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். புதுத்துணி சுத்தாத ஆயா, பொறக்கு முன்னாடி துணிமணி சேத்து வச்சா புள்ள தங்காது, அதுனாலதான் நாங்க ஒண்ணும் எடுத்தாரல என்று சொல்கிறார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. கையை உதறிவிட்டு, ரெடி பண்ணி வச்சதால எந்தப் புள்ளம்மா செத்துருக்கு, ஒரு புள்ளயக் காட்டு பாப்போம், ரெடி பண்ணாமத்தான் ஒன் பேரன் கண்டக்டர் சட்டையில வந்து கெடக்கான் என்று வார்டு அதிரக் கத்திவிட்டேன். பிள்ளையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துத் தேய்த்துக்கொண்டே உள்ளே ஓடுகிறேன், கால் ஓடுகிறது, ஆனால் நான் கத்தின கத்தல் எனக்கே திரும்பக் கேட்கிறது. ஒரு பிள்ளையைக் காட்டு பார்ப்போம் என்றேனே, என் மகளிடம் நானே ஒரு பிள்ளையைக் காட்டி அல்லவா சொன்னேன்!

பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஐந்தே கால் பவுண்டு, இன்றைக்குக் காலையில் அழுத அழுகையில் தெய்வானை நர்சம்மா காதைப் பொத்திக்கொண்டார். முத்தாளும் மோசமான மனுஷி இல்லை. மத்தியானம் என்னிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு முதல் மூணும் தங்கலம்மா, அந்தப் பயம்தான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அவரிடம் கத்தினதற்கு எனக்கு வெட்கமாகப் போயிற்று. வீரய்யாவின் சட்டையை நானே வெந்நீரில் துவைத்து அடுப்புமேல் காயவைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு, இனிமேயாச்சும் நான் ரெடின்னு சொன்னா நம்புவீங்களா ஆயா என்று கேட்கிறார். நம்புகிறேன் என்று சொன்னேன்.

இப்போது போன வருஷத்துக்கு வருகிறேன். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். முதல் பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டியது, அப்போது உன் அப்பா காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தார் என்று நீயே வரவில்லை என்று சொல்லிவிட்டாய். தந்தி கிடைத்து, நான் இரண்டு ரயில் மாறி உன் வீட்டுக்கு வந்து சேரும்போது ஐந்து நாள் ஆகிவிட்டது. எல்லாம் முடிந்திருந்தது. நீ கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். அந்தத் தகரப் பெட்டி திறந்து கிடந்தது, உள்ளே நீ உன் கையால் தைத்த சின்னச் சின்னச் சட்டைகள், தொப்பி, கம்பளி நூல் காலுறை எல்லாம் மடித்து அடுக்கியபடி இருந்தன. மூலையில் மாப்பிள்ளை வாங்கின பிரம்புத் தொட்டில். நான் உன் தலையில் கைகூட வைக்கவில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, இம்புட்டையும் முன்கூட்டியே ரெடி பண்ணி வச்சா வேற என்ன ஆகும் என்று சொன்னேன். நீ எழுந்து போய்ப் பெட்டியை மூடிப் பூட்டிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாய். மாப்பிள்ளை வெளியே போய்விட்டார். மறுவாரம் தொட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

பிள்ளையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. டாக்டரம்மா மாப்பிள்ளையிடம் சொல்லி, அவர் அதை ஸ்டேஷனில் இருந்து வரும்போதே என்னிடம் சொல்லிவிட்டார். கொடி சுற்றுவது யார் கையிலும் இல்லை. பெட்டியில் சட்டை இருந்தாலும் சுற்றும், இல்லாவிட்டாலும் சுற்றும். இது எனக்குத் தெரியாதா மேரி? எத்தனை பிள்ளைகளுக்கு அப்படிக் கொடியை எடுத்துவிட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் சொன்னேன். எனக்கு அன்றைக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. ஆண்டவர்மேல் கோபப்படப் பயமாக இருந்தது. நீ பக்கத்தில் இருந்தாய். பெற்றவள் சொன்னால் எதிர்த்துப் பேச மாட்டாய் என்று எனக்குத் தெரியும், அதனால் உன்மேல் போட்டுவிட்டேன். நான் சொன்னது பொய். நீ ஒரு தப்பும் செய்யவில்லை, ஆசையாகத் தைத்தாய், அவ்வளவுதான். நீ என்னை மன்னித்துவிடு. வயதில் பெரியவள் மகளிடம் இப்படிக் கேட்கலாமா என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். திங்கட்கிழமை உன் கடிதத்தைப் படித்தபோதே புரிந்திருக்க வேண்டும், முத்தாளிடம் கத்தின பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு உன் பெட்டியை மட்டும் நான் பூட்டவைக்கவில்லை, இந்தப் பிள்ளையைப் பற்றி நினைக்கக்கூட நீ பயப்படுகிற மாதிரி செய்துவிட்டேன். மூன்றாவது ஆளைப் பற்றி நீ ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று இப்போது தெரிகிறது.

நம் பக்கத்து வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பத்துப் பெற்றால் நாலு தங்கும். ஆசைப்பட்டுச் சேர்த்து வைத்ததை அப்புறம் பார்க்க மனசு தாங்காது என்று ஆசையையே மறைத்து வைத்தார்கள். நானும் உன்னைப் பெற்றபோது ஒரு துணி எடுத்து வைக்கவில்லை, உன்னை உன் அப்பாவின் கிழிந்த வேட்டியில்தான் வாங்கினார்கள். ஆனால் வயிற்றை மறைக்க முடியுமா? பிள்ளைக்குக் குளிர் தெரியுமே தவிர வழக்கம் தெரியாது. கரக்பூரில் தை மாசக் குளிர் எப்படி என்று நான் நேரில் பார்த்தவள்.

அதனால் நான் சொல்வதைத் தட்டாமல் செய். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் வருகிற முதல் திங்கட்கிழமை மாப்பிள்ளை அரை நாள் லீவு போட்டுவிட்டு உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போகட்டும். பேரைப் பதிந்து, சீட்டு வாங்கி, அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்காமல் கைக்கு எட்டுகிற இடத்தில் வை. போன தடவை கொடி சுற்றியதை டாக்டரம்மாவிடம் நீயே வாய் திறந்து சொல், அவர்கள் கேட்கட்டும் என்று இருக்காதே. நேரம் வரும்போது அவர்கள் கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்து க்வார்ட்டர்ஸ் தெலுங்கம்மாவிடம் எந்த மாசம் என்று சொல்லி வை, அந்த அம்மாள் போன தடவை உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. பகலில் வலி எடுத்தால் ஒர்க்‌ஷாப்புக்கு யார் போய்ச் சொல்வது, எந்த ரிக்‌ஷாக்காரரைக் கூப்பிடுவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் பழைய வேட்டி இரண்டை வெந்நீரில் அலசி வெயிலில் நன்றாகக் காயப்போட்டு நாலாகக் கிழித்து வை. உனக்கு மாற்றுச் சேலை, ஒரு டம்ளர், சோப்பு, ஊக்கு, ஒரு கம்பளி, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டு. தினமும் அந்தப் பையைப் பார்த்துப் பழகு. பார்க்கப் பார்க்கப் பயம் போகும். தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே. முருங்கைக்கீரை கிடைக்காது என்று எழுதியிருந்தாய், அங்கே கிடைக்கிற கீரையை வாங்கிச் சாப்பிடு, எல்லாம் கீரைதான். பேரும் யோசித்து வை, ஆண் ஒன்று, பெண் ஒன்று. உன் அப்பா ஏற்கெனவே நாலு யோசித்து வைத்திருக்கிறார், அதில் ஒன்றுகூட உனக்குப் பிடிக்காது, அதனால் நீ முந்திக்கொள்.

எனக்கு இரண்டு மாசம் லீவு கேட்டேன். தெய்வானை நர்சம்மா பெரிய டாக்டரிடம் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்துவிட்டார். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி இங்கே ரயில் ஏறி, மெட்ராஸில் ஹௌரா மெயில் பிடித்துப் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சேர்வேன். கிறிஸ்துமஸ் பூசை உங்களோடுதான். என் பயணப் பெட்டியை நேற்றே கட்டிவிட்டேன், இன்னும் ஒரு மாசம் இருக்கிறது என்று உன் அப்பா சிரிக்கிறார். சிரிக்கட்டும், இந்த வீட்டில் ஒருத்தராவது நிஜமாக ரெடியாக இருக்க வேண்டாமா? அவரோ, நானும் வாரேன், நான் ரெடி என்று நேற்று முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஞானஸ்நானத்துக்கு வாங்க, அதுவரைக்கும் கடையைப் பாருங்க என்று சொல்லி வைத்திருக்கிறேன். பிரம்புத் தொட்டில் போனால் போகிறது, தூளி கட்ட என்னுடைய பழைய நூல் சேலை இரண்டு கொண்டு வருகிறேன், நீ படுத்துத் தூங்கின அதே ஊதாச் சேலைகூட இன்னும் கிழியாமல் இருக்கிறது.

இனி அந்தப் பெட்டி. இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்தேன். பிள்ளைக்கு முதலில் புதுத்துணி போடக் கூடாது, வீட்டில் மூத்த பிள்ளை போட்ட துணியைத்தான் போட வேண்டும் என்பது நம் வழக்கம். சரி, அந்த வழக்கத்தை நாம் மீற வேண்டாம். அந்தப் பெட்டியில் இருப்பது புதுத்துணி இல்லை மேரி. அது அந்தோணியின் துணி. அந்தோணியாருக்கு உரிய செவ்வாய்க்கிழமையில் பிறந்தவன் என்று மலையாளத்து நர்ஸ் அந்தோணி என்று பேர் சொல்லி ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றினாள் என்று மாப்பிள்ளை சொன்னார். அரை மணி நேரம் இருந்தாலும் பேரோடுதான் இருந்தான், உன் கையால் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனான். ஒரு வருஷமாக நம் வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. இதோ நான் எழுதிவிட்டேன். ஏழு சட்டை தைத்தாய், ஒன்றை அவன் கொண்டுபோனான், மீதி ஆறும் அவனுடையது. அண்ணன் சட்டையைத் தம்பியோ தங்கச்சியோ போட்டுக்கொள்வதில் என்ன குறை வந்துவிடப் போகிறது? அவனும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. எடுத்துத் துவைத்து வெயிலில் காயப்போடு. பிள்ளை பிறக்கிற அன்றைக்கு அதில் ஒன்றை நான் வெந்நீர்ப் பாத்திரத்து மூடிமேல் போட்டு வைத்திருப்பேன். நீ திரும்பிப் பார்க்க வேண்டாம், கையை மட்டும் நீட்டு.

ஆவூர் மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் வரப்போகிற பிள்ளையையும் தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றட்டும். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, மடி நிறையப் பிள்ளையோடு நீ இருப்பதை நான் கண்ணாரப் பார்ப்பேன், எனக்குச் சந்தேகம் இல்லை. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தை அவரிடமும் படித்துக் காட்டு, நான் மன்னிப்புக் கேட்ட இடத்தை விட்டுவிடாதே.

ஞாபகம் வைத்துக்கொள், திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. பெட்டிச் சாவி கிடைக்கவில்லை என்றால் பூட்டைத் திறக்க உன் அப்பா கடையில் இருந்து ஒரு திருப்புளி எடுத்துக் கொடுத்திருக்கிறார், அதையும் என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். ஆனால் அதற்கு வேலை இருக்காது என்று நினைக்கிறேன். சாவி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும், ஆத்தா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
மை. சவேரியம்மாள்